பகுதிநேர ஆய்வாளர், முழுநேரக் குழந்தை

'பகுதிநேரம்' என்கிற சொல்லிலிருந்தே தொடங்கலாம். நம்முடைய பல்கலைக்கழகச் சொல்லாடலில் இந்தச் சொல் ஒரு குறையைச் சுட்டுவதாகவே புழங்கிவருகிறது. முழுநேர ஆய்வாளர் என்றால் அறிவுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவர். பகுதிநேரத்தார் என்றால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்துக்கொண்டு, சம்பளத்தையும் விடாமல் பட்டத்தையும் விடாமல் காலம் தள்ளுபவர். தமிழ் முதுகலை படித்துவிட்டு வெளியே வந்த என்னைப் போன்றவர்கள் இந்த ஏளனத்தை வகுப்பறையிலேயே கற்றுக்கொண்டோம். 'இன்னாரின் நாவல்களில் சமுதாயச் சிக்கல்கள்' வகை ஆய்வேடுகளைத் துறை நூலகத்தில் புரட்டிச் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பில் நியாயமும் இருந்தது. ஒரு நாவலைப் பற்றி எழுதுகிறவர் வேலையில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? நாவல் எங்கும் ஓடிப்போகாது. ஆனால் வேலையிலிருந்து விலகிய கணமே ஆய்வுப்பொருள் கையைவிட்டுப் போய்விடுகிற துறைகள் சில உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வேலை செய்யும் உளவியல் அவற்றில் ஒன்று. அங்கே 'பகுதிநேரம்' என்பது குறையா, அல்லது அறிவு பிறப்பதற்கான நிபந்தனையா என்பதுதான் என் கேள்வி.

இதை எழுதத் தூண்டியவர் கெலமங்கலம் வட்டாரத்துப் பள்ளிகளில் சிறப்பாசிரியையாக இருக்கும் ஒரு தோழி. சிறப்புக் கல்வியில் பி.எட்.; பிறகு அஞ்சல்வழியில் உளவியல் முதுகலை. வட்டார வள மையத்திலிருந்து ('பி.ஆர்.சி.' என்றால்தான் இங்கே தெரியும்) ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போய்வருகிறார். கற்பதில் இடர்ப்படும் பிள்ளைகளைப் பார்ப்பது, பெற்றோரிடம் பேசுவது, மருத்துவ முகாமுக்குக் கூட்டிப்போவது, எமிஸில் ஏற்றுவது எல்லாம் அவர் தலையில். பதவிப்பெயர் எதுவாக இருந்தாலும் அவர் செய்வது கல்வி உளவியலாளரின் வேலைதான். "பிஎச்.டி. பண்ணா சம்பளம் ஏறப்போறதில்லண்ணா, அது தெரியும். ஆனா பதினோரு வருசமா ஒவ்வொரு புள்ளயப் பத்தியும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். இதுக்கு ஒரு வழி வேணாமா?" என்றார். சம்பளம் பற்றி அவர் சொன்னது சரி. அரசு ஊழியருக்கே உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வு 2020-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. தொகுப்பூதியத்தில் இருப்பவருக்கு அது எப்போதும் இருந்ததில்லை. ஆக, பட்டத்துக்காகப் பட்டம் என்கிற வழக்கமான குற்றச்சாட்டு இங்கே நிற்காது. அவர் கேட்ட 'வழி' எங்கெங்கே அடைபட்டுக் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

*

அதற்கு முதலில் லண்டன் வரை போய்வர வேண்டியிருக்கிறது. கல்வி உளவியலாளர் என்று ஒரு உத்தியோகம் பிரிட்டனில் முதன்முதலாக உருவானது அங்கேதான், அதுவும் பகுதிநேர உத்தியோகமாகத்தான். 1913-இல் லண்டன் மாவட்ட மன்றம் சிரில் பர்ட் என்பவரை அரைநேர உளவியலாளராக நியமித்தது. பாரிசில் ஆல்ஃபிரட் பினே 1905-இல் தன் அளவுகோலை வெளியிட்டு எட்டே வருஷம் ஆகியிருந்தது. சாதாரணப் பள்ளியில் வைத்துக்கொள்ள முடியாது என்று கருதப்பட்ட 'மந்தபுத்தி'ப் பிள்ளைகளைப் பிரித்தெடுத்துக் கொடுப்பது பர்ட்டின் வேலை.

பர்ட்டின் வாழ்க்கையை நம் கேள்விக்காக இரண்டாகப் பிரித்து வாசிக்கலாம். பள்ளிகளிலும் தெருக்களிலும் அலைந்த காலத்தின் விளைச்சல் 'இளம் குற்றவாளி' (1925) என்கிற நூல். அதில் பிள்ளையின் வீடு, வறுமை, உடம்பு, சகவாசம் எல்லாம் வருகின்றன. ஒற்றைக் காரணத்துக்குள் பிள்ளை அடங்க மறுக்கிறது. 1930களில் அவர் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் முழுநேரப் பேராசிரியர் ஆனார். அறிவுத்திறன் பெரும்பாலும் பரம்பரையாக வருவது என்று நிறுவ, பிரித்து வளர்க்கப்பட்ட இரட்டையரைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகள் ஓய்வுபெற்ற பின் 1955-லும் 1966-லும் வந்தவை. 1971-இல் இறந்தார். 1974-இல் லியான் காமின் அந்தக் கட்டுரைகளில் ஒரு விநோதத்தைச் சுட்டினார்: ஆண்டுக்காண்டு இரட்டையரின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது, ஆனால் ஒப்புறவுக் கெழு மட்டும் மூன்றாம் தசமத்தானம் வரை அசையாமல் நிற்கிறது. 1976-இல் பத்திரிகைகள் மோசடி என்றே எழுதின. 1979-இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அதை ஒப்புக்கொண்டார். பின்னால் பர்ட்டுக்கு ஆதரவாகவும் நூல்கள் வந்தன, வழக்கு இன்னும் முழுக்கத் தீரவில்லை. குழந்தை எதிரே உட்கார்ந்திருந்தவரை எண்ணுக்கு ஒரு கடிவாளம் இருந்தது என்பது என் வாசிப்பு. நிரூபணம் என்று சொல்லமாட்டேன்.

இங்கிலாந்தில் 2006 முதல் இந்தத் தொழிலுக்குள் நுழைவதற்கே மூன்றாண்டு முனைவர் படிப்பு வேண்டும் என்றாகிவிட்டது. அதற்கு முன் முதுகலையோடு வேலைக்கு வந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கென்று சில பல்கலைக்கழகங்கள் பகுதிநேர முனைவர் படிப்பை நடத்தின. வேலையை விட வேண்டியதில்லை. ஆய்வுக் கேள்வி வேலையிலிருந்து கிளம்பி வர வேண்டும், விடை வேலைக்குத் திரும்பிப் போக வேண்டும். இதன் பின்னால் டொனால்ட் ஷோன் 1983-இல் வைத்த ஒரு சிந்தனை இருக்கிறது. தொழில் செய்கிறவர் வேறெங்கோ உற்பத்தியான கோட்பாட்டைக் கொண்டுவந்து பொருத்துகிற மெக்கானிக் அல்லர், செய்யும்போதே சிந்திப்பவர். அந்தச் சிந்தனைக்கும் அறிவு என்றுதான் பெயர் என்றார் அவர்.

உடனே இங்கிலாந்தைத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. நுழைவு வாசலிலேயே முனைவர் பட்டத்தை வைத்ததில் பயிற்சி இடங்கள் குறுகின, ஆள் பற்றாக்குறை வந்தது. மதிப்பீட்டுக்காகப் பெற்றோர் மாதக்கணக்கில் காத்துக்கிடக்கிறார்கள். ஆகவே பட்டத்தை வேலைக்கான தடுப்புச்சுவராகக் கட்டுவது ஒன்று. வேலையில் இருப்பவர் எழுதுவதை அறிவாக ஏற்பது வேறொன்று. எனக்கு வேண்டியது இரண்டாவது.

இன்னொரு லண்டன் சங்கதியும் உண்டு. 1971-இல் பெர்னார்ட் கோர்ட் என்கிற கிரெனடாக்காரர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளை பிரிட்டிஷ் பள்ளி அமைப்பு எப்படிக் 'கல்வியில் இயல்புக்குக் கீழானவர்'களாக ஆக்குகிறது என்பது பொருள். ஆக்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் பேசும் கிரியோல் மொழி சோதனைத்தாளில் தவறான ஆங்கிலமாகத் தெரிந்தது. தவறான ஆங்கிலம் குறைந்த மூளையாகக் கணக்கிடப்பட்டது. கோர்ட் அத்தகைய பள்ளிகளில் ஆசிரியராக வேலை பார்த்தவர் என்பதால்தான் இதைப் பார்க்க முடிந்தது. (பின்னால் கிரெனடாப் புரட்சியில் அவர் வகித்த பாத்திரம் வேறு கதை, அதை இங்கே பேசவில்லை.) அவர் கண்டதன் உள்ளூர் வடிவம் கெலமங்கலத்தில் இருக்கிறது.

*

கெலமங்கலத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓசூருக்குத் தெற்கே, தேன்கனிக்கோட்டை வட்டத்தில் இருக்கிறது. ஓசூர் சிப்காட் 1970களில் வந்தபோது தொழிற்சாலை ஓசூரோடு நின்றது; இந்தப் பக்கம் ராகியும் ரோஜாவும் தக்காளியும்தான். இப்போது கைப்பேசி உதிரி செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை இந்த வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கிராமங்களில் வீட்டுமொழி பெரும்பாலும் தெலுங்கு அல்லது கன்னடம், உருது பேசுகிறவர்கள் உண்டு, மலையோரம் இருளர்கள். அதற்குமேல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று வந்து சேர்ந்தவர்கள். அப்பா ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி, அம்மா பாலிஹவுஸில் பூப்பறிக்கிறார், பிள்ளை தமிழ்வழி அரசுப் பள்ளியில். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் படிப்படியாக மேலேறி 2016-இல் பத்தாம் வகுப்பைத் தொட்டபோது மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளின் பிரச்சினை நீதிமன்றம் வரை போனதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த விவாதம் முழுக்க உரிமை, அடையாளம் என்கிற தளத்திலேயே நடந்தது. வாசிக்கத் திணறும் ஒரு பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்று இரு தரப்பிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்டிருந்தால் எழுத்திலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். 'காகம்' என்று எழுதுகிறோம். முதல் ககரம் வல்லோசை, இரண்டாவது இளகிய ஓசை. தமிழ்க் காதுக்கு இது ஒரே எழுத்து, வித்தியாசம் உறைப்பதே இல்லை. தெலுங்குப் பிள்ளைக்கு அவை இரண்டு வெவ்வேறு ஒலிகள். அதன் மொழியில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. தெலுங்கில் காலுக்கு உரிய சொல்லும் காற்றுக்கு உரிய சொல்லும் வெவ்வேறு எழுத்தில் தொடங்கும்; தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே 'கா'தான். இந்தப் பிள்ளை ஒரு எழுத்தைப் பார்த்ததும் தயங்குகிறது என்றால், எந்த ஒலியைத் தேர்வது என்று அது யோசிக்கிறது என்று பொருள். அதாவது, தமிழ்ப் பிள்ளையைவிட அதன் காது கூர்மையாக இருக்கிறது. மறுபக்கம், ழகரம் தெலுங்கிலும் இன்றைய கன்னடத்திலும் இல்லை. ரகர றகர வேறுபாடும் அங்கே வழக்கொழிந்துவிட்டது. ஆக அந்த இடங்களில் பிழை வரும், வந்தே தீரும். ஆனால் ர, ற மயக்கம் தமிழையே வீட்டுமொழியாகக் கொண்ட பிள்ளைக்கும் வருகிறது. அப்படியானால் எந்தப் பிழை மொழி மாறியதால் வந்தது, எது எல்லாப் பிள்ளைக்கும் பொதுவானது, எது உண்மையிலேயே கற்றல் குறைபாட்டின் அறிகுறி?

இது வெறும் மொழியியல் விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 'குறிப்பிட்ட கற்றல் குறைபா'ட்டை 21 வகைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. சான்று கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. மொழியால் திணறும் பிள்ளைக்குக் குறைபாடு என்று முத்திரை குத்துவது ஒரு அநீதி. உண்மையிலேயே குறைபாடு உள்ள பிள்ளையை "தெலுங்குப் புள்ள சார், அப்படித்தான் படிக்கும்" என்று தள்ளிவிடுவது அதற்கு நேரெதிரான அநீதி. இங்கே இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது என்பது தோழியின் அனுபவம். இந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிடும். ஆண் என்றால் ஆலைக் கேட்டில், பெண் என்றால் கல்யாணப் பேச்சில் போய் முடியும். பள்ளிக்கூட மொழியில் இப்படிப்பட்ட எல்லாரும் 'மெல்லக் கற்போர்'. இன்னும் இனிமையாக, 'மெல்ல மலரும் மொட்டுகள்'. பெயர் அழகாக ஆக ஆக, எதனால் மெல்ல என்கிற கேள்வி மங்கிக்கொண்டே போகிறது.

சோதனை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், எந்தச் சோதனை? நம் மருத்துவமனைகளில் நீண்ட காலம் கைகொடுத்துவந்த பினே-காமத் சோதனை, 1930களில் வி.வி. காமத் அன்றைய பம்பாய் மாகாணத்தின் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்காக உருவாக்கியது. வாசிப்புக் குறைபாட்டுக்கென்று மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் வெளியிட்ட 'டாலி' இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் வந்தது. தமிழும் தெலுங்கும் அதில் இல்லை. எல்லா மொழியிலும் வந்துவிட்டாலும் சிக்கல் தீராது. ஒவ்வொரு சோதனையும் ஒரு பிள்ளைக்கு ஒரு மொழி என்று அனுமானிக்கிறது. வீட்டில் ஒன்று, சந்தையில் ஒன்று, வகுப்பில் ஒன்று என்று வாழும் பிள்ளைக்கு அந்த அனுமானமே பொருந்தாது.

மிஞ்சுவது ஒரே வழி: பார்த்துக்கொண்டே இருப்பது. பிள்ளை வீட்டுமொழியில் கதை சொல்லும்போதும் திணறுகிறதா? எழுத்தையும் ஒலியையும் இணைத்துச் சில மாதம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் பிழை எந்த வரிசையில் குறைகிறது? தெலுங்கால் வரும் பிழை ஒரு வேகத்தில் உதிரும், குறைபாட்டால் வருவது அப்படி உதிராது. இதை ஒரு மணி நேரச் சோதனை காட்டாது, இரண்டு வருஷ நோட்டு காட்டும். மூன்று மொழியும் தெரிந்து, அதே பள்ளிக்கு வாராவாரம் போகிற ஒருவரிடம்தான் அந்த நோட்டு இருக்க முடியும். முழுநேர ஆய்வாளர் வந்தால் 'தரவு சேகரிப்பு' என்று மூன்று வாரம் தங்கி, 120 பிள்ளைகளுக்கு வினாத்தாள் கொடுத்து, சராசரி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

*

இப்போது வழிக்கு வருவோம். முதல் அடைப்பு, பெயரே இல்லை என்பது. பி.எட். படித்த யாரைக் கேட்டாலும் கல்வி உளவியல் தெரியும் என்பார்கள். பாவ்லோவின் நாய், தார்ண்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் எலி, கோலரின் குரங்கு: ஒரு மிருகக்காட்சிசாலையே தேர்வுக்கு வரும். தாளாக இருக்கிற கல்வி உளவியல் பதவியாக இல்லை. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் தருகிற பட்டியலில் மருத்துவ உளவியலாளர் உண்டு, சிறப்பாசிரியர் உண்டு; கல்வி உளவியலாளர் இல்லை. 2012-இல் சென்னையில் ஒரு ஆசிரியை வகுப்பறையிலேயே மாணவனால் கொல்லப்பட்ட அதிர்ச்சிக்குப் பின் தமிழக அரசு நடமாடும் ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. மாநிலம் முழுமைக்கும் பத்து வண்டி. பிறகு 2018-இல் 14417 என்று ஒரு தொலைபேசி எண். வண்டியும் எண்ணும் அவசரத்துக்கு உதவும், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் வந்துபோகிற வண்டியால் ஒரு பிள்ளையை இரண்டு வருஷம் பார்க்க முடியாது.

2021-இல் உச்ச நீதிமன்றம் தொடக்கநிலையில் 10 சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேலே 15 பேருக்கு ஒருவர் என்றது. 2025 மார்ச்சில் அதற்கான நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கச் சொல்லி மாநிலங்களை நெருக்கியது. 2025 ஜூலையில் வேறொரு வழக்கில், 100 பேருக்கு மேல் படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஒரு ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ வைத்தே ஆக வேண்டும் என்றது. தீர்ப்பு வந்துவிட்டது, ஆள் எங்கே? ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களை வளர்த்தெடுப்பதைவிட வேறு குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது அடைப்பு விதிகளில் இருக்கிறது. 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிமுறை பகுதிநேர பிஎச்.டி.யை வெளிப்படையாக அனுமதிக்கிறது. நல்லது. அதே கையோடு வேலை தருபவரிடமிருந்து ஒரு தடையின்மைச் சான்று கேட்கிறது. அந்த என்.ஓ.சி.யில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு; அலுவல் போக ஆய்வுக்குப் போதுமான நேரம் கிடைக்கும்; தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க் முடிக்க வேலையிலிருந்து விடுவிக்கப்படுவார். இதை எழுதியவர்களின் மனக்கண்ணில் இருந்தவர் நிரந்தரப் பதவியில் உள்ள ஒரு கல்லூரி ஆசிரியர் அல்லது அதிகாரி. தொகுப்பூதியத்தில் ஆண்டுதோறும் நீட்டிப்பு வாங்கும் சிறப்பாசிரியைக்கு 'வேலை தருபவர்' யார்? தலைமை ஆசிரியரா, வட்டாரக் கல்வி அலுவலரா, மாவட்டத் திட்ட அலுவலகமா, சென்னையிலுள்ள இயக்ககமா? 2024-இல் ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்திவைத்தபோது இவர்களுடைய செப்டம்பர் மாதச் சம்பளமே தொங்கலில் நின்றது. அடுத்த மாதம் சம்பளம் உண்டா என்று சொல்ல முடியாத ஒரு அமைப்பு, அடுத்த ஆறாண்டுக்கு ஆய்வுநேரம் உண்டு என்று எப்படி எழுதிக் கொடுக்கும்?

ஆறாண்டு என்பதும் ஒரு கதை. குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் இரண்டு. முழுநேரத்தாருக்கும் பகுதிநேரத்தாருக்கும் கடிகாரம் ஒன்றே. உதவித்தொகை மட்டும் முழுநேரத்தாருக்கு. இன்னொரு விதி எனக்குச் சிரிப்பை வரவழைத்தது: எந்தத் துறை ஆய்வாளரும் தம் காலத்தில் கற்பித்தலில் பயிற்சி பெற வேண்டும். பதினோரு வருஷமாகக் கற்பிப்பதற்கே கஷ்டமான பிள்ளைகளுக்குக் கற்பித்துவரும் ஒருவர், முனைவர் ஆவதற்காகக் கற்பிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். செய்த வேலையைக் கணக்கில் சேர்க்க ஒரு வரி கூட அந்த விதிமுறையில் இல்லை.

மூன்றாவது அடைப்பு பூகோளம். இந்த மாவட்டத்துக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. கெலமங்கலத்திலிருந்து சேலம் நூறு கிலோமீட்டருக்கும் மேலே. பெங்களூரு அதில் பாதி தூரந்தான். இந்தியாவின் பழைய உளவியல் துறைகளில் ஒன்று மைசூரில், 1924-இல் எம்.வி. கோபாலசுவாமி தொடங்கியது, இவர் பர்ட்டுக்கு முன் அதே லண்டன் நாற்காலியில் இருந்த ஸ்பியர்மனிடம் படித்தவர். (மைசூரில் வீட்டிலிருந்தே ஒரு வானொலி நிலையம் நடத்தி அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர் வைத்தவரும் இவர்தான்.) நிம்ஹான்ஸ் இருப்பதோ பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே. கெலமங்கலத்துப் பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சாலையில் போய்த்தான் வருகிறார்கள். எல்லைக் கோடு நோயாளியை விடுகிறது, ஆய்வாளரை விடுவதில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் விதிமுறை வேறு நிறுவனத்திலிருந்து இணை நெறியாளர் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. சேலத்தில் ஒரு கைடு, பெங்களூரில் ஒரு இணை கைடு என்பது சட்டப்படி முடியும். உதவிப் பேராசிரியருக்கு 4, இணைப் பேராசிரியருக்கு 6, பேராசிரியருக்கு 8 என்று ஆய்வாளர் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கையில், உதவித்தொகையோடு வரும் முழுநேரத்தாரை விட்டு இவருக்கு ஒரு இடம் ஒதுக்க யார் முன்வருவார் என்பது வேறு விஷயம்.

*

இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் ஒரு ஆட்சேபத்தைத் தயாராக வைத்திருப்பார்கள் என்று தெரியும். மிஷல் ஃபூக்கோ 1975-இல் சிறையைப் பற்றிய நூலில் விளக்கியபடி, 'பரிசோதனை' என்கிற சடங்கு ஒவ்வொரு தனிமனிதரையும் ஆவணமாக, 'கேஸா'க மாற்றுகிறது. உளவியலாளர் இயல்பு எது, பிறழ்வு எது என்று கோடு கிழிக்கிற அதிகாரத்தின் முகவர். பர்ட் செய்தது அதுதான். அப்படியிருக்க, அந்த முகவருக்கு டாக்டர் பட்டமும் கொடுத்து அதிகாரத்தைக் கூட்டுவானேன்?

ஆட்சேபம் வலுவானதுதான். தன் மாணவரையே ஆய்வுப்பொருளாக்கும் ஆசிரியர் நுட்பமான ஒரு வன்முறையைச் செய்ய வாய்ப்புண்டு. "டீச்சர் கேட்டாங்க, சரின்னுட்டேன்" என்கிற அம்மாவின் சம்மதம் சம்மதமா? நோட்டில் இருப்பது பிள்ளையின் வாழ்க்கை. அது யாருடைய சொத்து? பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் இது தீர்ந்துவிடாது. ஆனால் உளவியலாளர் விலகிக்கொண்டால் கோடு அழிந்துவிடும் என்று நினைப்பது அப்பாவித்தனம். கோட்டை எமிஸ் கிழிக்கிறது. ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் பிள்ளை ஒரு வகைக்குள் விழுந்துவிடும். சொடுக்கியவர் யார், எதைப் பார்த்துச் சொடுக்கினார் என்பதற்குச் சுவடே இருக்காது. நோட்டு எழுதுகிறவரின் கையெழுத்து அடையாளம் தெரியக்கூடியது, அவரோடு வாதாடலாம். அதனால்தான் அவர் எழுதுவது ஆய்வேடாகிப் பொதுவில் வைக்கப்பட வேண்டும் என்கிறேன். வகைப்படுத்தலை அந்த வகைக்குள்ளேயே நின்று கேள்வி கேட்க முடிந்தவர் கோர்ட். அவர் நின்ற இடம் வகுப்பறை.

அப்படி ஒரு ஆய்வேடு எந்த மொழியில் எழுதப்படும்? உளவியலில் ஆங்கிலமே வழக்கு. தெலுங்குப் பிள்ளை தமிழ் எழுத்தில் செய்த பிழையை ஆங்கிலத்தில் விவரிக்கும்போது ககரத்தின் இரு ஒலிகளைப் பற்றிய பக்கம் ஒலிக்குறியீடுகளின் காடாகிவிடும்; அதை மதிப்பிடுகிறவர் தாண்டிப் போய்விடுவார், கெலமங்கலத்து ஆசிரியர் திறக்கவே மாட்டார். தமிழில் எழுதினால் பிழைகளை அப்படியே காட்டலாம், பக்கத்திலேயே தெலுங்கு, கன்னட எழுத்தையும் அச்சிடலாம். கலைச்சொல் இல்லையே என்பார்கள். 'மெல்ல மலரும் மொட்டு' என்று ஒரு சொல்லை உருவாக்க முடிந்த துறைக்கு, வீட்டுமொழியால் வரும் பிழைக்கு ஒரு சொல் உருவாக்குவது பெரிய காரியம் ஒண்ணுமில்லை. விதிப்படி குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் வேண்டும்: உளவியல் தெரிந்து, தமிழோடு தெலுங்கோ கன்னடமோ வாசிக்கக்கூடியவர்கள். மைசூரில் தேடலாம். திருப்பதியில் தேடலாம். எல்லை தாண்டினால் குப்பத்தில், திராவிட மொழிகளுக்கென்றே 1997-இல் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.